நம் வானொலி நிலையத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் தந்த திருப்பணி முடிந்துவிட்டது. புதிய கோபுரத்தில் ஆண்டெனா ஏறிவிட்டது. ஒலிப்பதிவுக் கூடம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. மின்சாரம் போனால் ஒலிபரப்பும் போய்விடும் என்ற நிலை இனி இல்லை. கணக்கு விவரம் தணிக்கை முடிந்து பொருளாளரிடம் இருக்கிறது. எந்த உறுப்பினரும் நிலையத்துக்கு வந்து ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த அறிக்கையில் நாங்கள் சொல்ல விரும்புவது, உங்கள் பணத்தில் பெரும்பகுதி ஏன் கண்ணுக்கும் காதுக்கும் நேரடியாக எட்டாத வேலைகளுக்குப் போனது என்பதை.

எல்லோரும் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குவோம். இவ்வளவு நிதி சேர்ந்த பிறகும் ஏன் பெரிய டிரான்ஸ்மிட்டர் (ஒலிபரப்புக் கருவி) வாங்கவில்லை?

பண்பலை வரிசை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் மத்திய அலையைப் போலத் தரையை ஒட்டித் தொலைதூரம் போவதில்லை. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குன்றின் மேல் இட்ட விளக்கைப் போல, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். தடையில்லாத சமதளத்தில் 15 மீட்டர் உயர ஆண்டெனாவின் வானொலி அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 16 கிலோமீட்டர். அதே ஆண்டெனா 30 மீட்டரில் நின்றால் 22 கிலோமீட்டரைத் தாண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் என்ற சிறு கூடுதல் மட்டுமே. ஊரின் நடுவில் கேட்பவருக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியாது. உயரத்தை இரட்டிப்பாக்கினாலோ, தொலைவில் இருப்பவருக்கு அது வாட்டை நான்கு மடங்காக்கியதற்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் 100 வாட் டிரான்ஸ்மிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய ஆண்டெனாவைத் தாங்கிய 15 மீட்டர் குழாயை இறக்கிவிட்டு, உரிமம் அனுமதிக்கும் உயரத்துக்குள் 30 மீட்டர் கோபுரம் நிறுத்தினோம்.

கேபிளிலும் இதே கணக்குதான். சாதாரணக் கேபிளில் 40 மீட்டர் நீளத்தைக் கடப்பதற்குள் 100 வாட்டில் 55 அளவுக்குத்தான் மேலே போய்ச் சேரும், மீதி வழியிலேயே சூடாகிக் கரைந்துவிடும். நுரை நிரப்பிய அரை அங்குல ஃபோம் கேபிளில் 80-க்கு மேல் போய்ச் சேருகிறது. மின்கட்டணம் ஒரு பைசா கூடாமல் ஒலி தூரம் போகிறது. இப்படிப்பட்ட செலவுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை என்பது குழுவின் கருத்து.

நடுவில் வேலை நின்றுபோனதாகச் சிலர் வருத்தப்பட்டீர்கள். வேலை நிற்கவில்லை. கோபுரத்தை மூன்று திசைகளில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கான கான்கிரீட் அடித்தளங்கள் முழு வலிமை பெறும்வரை காத்திருந்தோம். கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் கணக்கிடுவதுதான் கட்டுமானத் துறையின் வழக்கம். அதற்கு முன்பே கம்பிகளை முறுக்கச் சொல்லி ஒப்பந்தக்காரருக்கு அழுத்தம் தந்திருக்கலாம். ஆனால் காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்தக் கோபுரத்தின் கீழே நம் தன்னார்வலர்கள்தான் இருப்பார்கள்.

அடுத்தது மண்ணுக்குள் போன பணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பணியில் மிக முக்கியமான வேலை எது என்று கேட்டால் நாங்கள் எர்த்திங்கைத்தான் சொல்வோம். ஒவ்வொரு இடி மழைக்கும் ஒலிகளைக் கலக்கும் மிக்சரோ கணினியோ பழுதாவது நமக்குப் பழகிப்போயிருந்தது. இடிதாங்கி இருக்கும்போதே ஏன் இப்படி நடந்தது? கோபுரத்துக்கு ஒரு எர்த்து, கட்டடத்துக்கு வேறொரு எர்த்து இருந்ததுதான் காரணம். பக்கத்தில் மின்னல் இறங்கும்போது இந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு உண்டாகும். இரண்டையும் இணைக்கும் ஒரே பாதை ஆண்டெனா கேபிள். மின்னோட்டம் அதன் வழியாக வந்து, டிரான்ஸ்மிட்டர், மிக்சர், கணினி என்று வரிசையாகக் கடந்துதான் மறுபக்க மண்ணுக்குள் இறங்கும். இப்போது கோபுரம், கட்டடம், மின் இணைப்பு மூன்றின் எர்த்துகளையும் தடித்த செப்புப் பட்டையால் ஒன்றாகப் பிணைத்துவிட்டோம். கேபிளின் வெளியுறையைக் கோபுர உச்சியிலும் அடியிலும், கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலும் எர்த்தோடு சேர்த்திருக்கிறோம். எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். அதை மழை பெய்து ஈரமாக இருக்கும்போது அளந்து திருப்திப்பட்டுக்கொள்வது பலர் செய்வது. நாங்கள் மண் நன்றாகக் காய்ந்திருந்தபோது அளக்கச் சொன்னோம். கூடுதலாக எர்த்துக் கம்பிகள் இறக்கிய பிறகுதான் அளவு சரியாக வந்தது.

சரி, கூடத்துக்கு வருவோம். பழைய கூடம் மாடியில் இருந்ததற்கு ஒரே காரணம், அங்கே தெருச்சத்தம் குறைவு. ஆனால் படியேற முடியாதவர்கள் நம் வானொலியில் பேசவே முடியாமல் இருந்தது. முழங்கால் வலி உள்ள மூத்தவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் எல்லோரும் தொலைபேசி வழியாக மட்டுமே கலந்துகொண்டார்கள். ஊருக்காக நடக்கும் நிலையத்துக்குள் ஊரில் பாதிப் பேர் வர முடியாது என்றால் அது ஒலித்தரத்தைவிடப் பெரிய குறை. தரைத்தளத்துக்கு மாறுவது என்ற முடிவை எடுத்த கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறோம். கதவும் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும் அகலம்.

தெருச்சத்தத்தைத் தடுக்க அறைக்குள் அறையாகக் கட்டியிருக்கிறோம். உள்சுவர் வெளிச்சுவரைத் தொடாது. கனமான கதவின் நான்கு பக்கமும் ரப்பர் விளிம்பு. ஜன்னலில் வேறு வேறு தடிமன் உள்ள இரண்டு கண்ணாடிகள். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் போதுமே என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. அவை அறைக்குள் எதிரொலியைச் சற்றுச் சிதறடிக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடித்தால் ஆபத்தும் கூட. சத்தத்தைத் தடுப்பது கனமும் காற்றுப் புகாத அடைப்பும்தான். எதிரொலிக்காகத் தனியே ராக்வுல் எனும் பாறையிழைப் பலகைகள் துணி போர்த்தி மாட்டியிருக்கிறோம். மைக்குகளில் விலை உயர்ந்த கண்டென்சர் வகையை விட்டுவிட்டு டைனமிக் வகையை எடுத்தோம். முதல் தடவை மைக் முன் உட்காருபவர் காகிதத்தைப் புரட்டுவார், நாற்காலியை நகர்த்துவார். கண்டென்சர் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். டைனமிக் மைக் வாய்க்கு அருகில் இருக்கும் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பெருமளவு விட்டுவிடும். நம் நிகழ்ச்சிகளில் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற அறிவிப்பாளர்கள் இல்லை, ஊர்மக்கள். கருவிகள் அவர்களுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

மின்சார ஏற்பாட்டைத் திட்டமிடும்போது ஒரே கேள்வியைத்தான் முன்னால் வைத்தோம்: ஊருக்கு நாம் மிகவும் தேவைப்படும் நாளில் ஒலிபரப்பு இருக்குமா? 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கே வாழ்ந்த கொரியர்களுக்கும் வியட்நாமியருக்கும் அவரவர் மொழியில் தகவல் சொல்லச் சின்னஞ்சிறு பண்பலை நிலையங்கள் தோன்றின. 2011 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது அந்நாட்டின் பல ஊர்களில் தற்காலிக அவசர வானொலிகள் திறக்கப்பட்டன. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது, யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதைத்தான் அவை சொல்லிக்கொண்டிருந்தன. செல்பேசிக் கோபுரங்கள் மௌனமாகிவிடும் நேரத்தில், கையடக்க ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி போதும். அதனால் பேட்டரிகளோடு டிரான்ஸ்மிட்டர், ஒரு மிக்சர், இரண்டு மைக், ஒரு விளக்கு ஆகியவற்றை மட்டுமே இணைத்தோம். ஏசியை இணைக்கவில்லை. 100 வாட் டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 200 வாட். ஏசி அதைப் போலப் பல மடங்கு விழுங்கும். வெயில் காலத்தில் மின்தடை வந்தால் அறிவிப்பாளருக்கு வியர்க்கும், ஆனால் ஊருக்குக் குரல் கேட்கும். பேட்டரிகளுக்குக் கூரையில் சூரியத்தகடுகள் துணை. ஜெனரேட்டர் அதற்கும் அப்புறம்தான்.

ஆளில்லாத இரவு நேரங்களுக்காக, குறிப்பிட்ட விநாடிகளுக்குமேல் ஒலி வராவிட்டால் தானாக மாற்றுப் பதிவை ஓடவிடும் கருவியும் பொருத்தியாயிற்று. பழைய கேசட்டுகளையும் ஸ்பூல் நாடாக்களையும் கணினியில் ஏற்றும் வேலை பாதி முடிந்திருக்கிறது. மூலப் பிரதிகளைச் சுருக்காமல் சேமிக்கிறோம், ஒரு பிரதி நிலையத்துக்கு வெளியே இருக்கிறது.

நிதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருப்பணியின் பாதியில் ஒரு நன்கொடையாளர் பெருந்தொகை தர முன்வந்தார். பதிலுக்கு மாலை நேர ஒலிபரப்பில் தினமும் ஒரு மணி நேரத்தைத் தம் பொறுப்பில் விட வேண்டும் என்றார். குழு நன்றி சொல்லி மறுத்துவிட்டது. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்துத்தான் சொந்த வானொலிகளை நடத்தினார்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1949-இல் தொடங்கிய கேபிஎஃப்ஏ நிலையம் நேயர்களின் சந்தாவில் இன்றும் ஓடுகிறது. யார் பணம் தருகிறார்களோ அவர்களுக்குத்தான் நிலையம் பதில் சொல்லும். நம் நிலையம் உங்களுக்குப் பதில் சொல்வதாகவே இருக்கட்டும் என்று நினைத்தோம். அந்தத் தொகை இல்லாததால் இரண்டாவது பதிவு அறை இந்தத் திருப்பணியில் கட்டப்படவில்லை. அதற்காக இழப்பு ஏற்பட்டதாக நாங்கள் கருதவில்லை.

மீதமுள்ளவை: கூரையின் நீர்க்கசிவு அடைப்பு, கோபுரத்தின் இரண்டாம் பூச்சு, உதிரி ஆண்டெனா ஒன்று. பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு தொடங்கிச் சந்தாவில் ஒரு பங்கை மாதாமாதம் அதில் போடும் தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்தில் வரும். இழுவைக் கம்பிகளின் முறுக்கை ஆண்டுதோறும் மழைக்கு முன் சரிபார்க்க வேண்டும், பேட்டரிகள் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியவை. இரண்டுக்கும் கடைசி நேரத்தில் உண்டியல் குலுக்குவது நல்லதல்ல. தீர்மானத்தை ஆதரிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கோபுரம் உயர்ந்ததால் ஒலி எட்டும் எல்லையைப் புதிதாக வரைபடமாக்கி வருகிறோம். உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஒலி இரைச்சலாகக் கேட்டால், எந்தத் தெரு, வீட்டுக்குள்ளா வெளியிலா, எந்த வகை ரேடியோ என்ற மூன்றையும் குறித்து நிலையத்தில் கொடுங்கள். செல்பேசியில் கேட்பவர்கள் இயர்போன் கம்பியை நீட்டி வைத்துக் கேட்டபின் எழுதவும். அந்தக் கம்பிதான் அதற்கு ஆண்டெனா.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு