குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் போட்டோம், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எங்கே மனு கொடுத்தோம் என்பதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு 11 முறை கூடியது. உறுப்பினர் வீடுகள் 142, போன ஆண்டைவிட 6 கூடுதல். அக்டோபர் 25 அன்று மதுரை முழுக்கக் கொட்டித் தீர்த்த மழையில் மூன்றாவது தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, மோட்டார் வைத்து இறைத்த செலவு பொருளாளர் கணக்கில் இருக்கிறது. தெருவிளக்கு மனு இரண்டு கொடுத்ததில் ஒன்று முடிந்தது. சந்தா பாக்கி 9 வீடுகள், அவர்களிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

சரி, இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த காரியத்துக்கு வருகிறேன். போன பொதுக்குழுவில் ஐந்தாவது தெரு அக்கா ஒருவர் எழுந்து, "ரோடு, சாக்கடை எல்லாம் பேசுறீங்க, மாசம் இருபது தேதிக்கு மேல கையில காசு நிக்க மாட்டேங்குது, அதுக்குச் சங்கம் ஏதாவது செய்யுமா?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனால் அடுத்த வாரமே 22 வீடுகள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு கணக்கு நோட்டு வாங்கி, அன்றாடச் செலவை ஒன்று விடாமல் எழுதுவது என்று முடிவு செய்தோம். டீ குடித்தது, ஆட்டோவுக்குக் கொடுத்தது, கோயில் உண்டியலில் போட்டது எல்லாமே. மூன்று மாதம் எழுதிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து நோட்டுகளைப் பிரித்தோம்.

அன்று பார்த்ததில் என்னை உலுக்கியது ஒன்று. சிக்கனம் என்று ஆரம்பித்ததுமே மூன்று வீடுகளில் பெண்கள் முதலில் கை வைத்தது தங்கள் சாப்பாட்டில். தனக்கு மட்டும் பால் வேண்டாம், முட்டை பிள்ளைகளுக்கு மட்டும், பழம் வாங்குவதே இல்லை. அதே நோட்டில் நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தால் தாமதக் கட்டணம், தேவையில்லாத ரீசார்ஜ், சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு 50 ரூபாய் என்று சும்மா ஒழுகிப் போயிருக்கிறது. தட்டில் இருப்பதைத் தொடாமல் முதலில் இந்த ஒழுகலை அடைப்போம் என்று அன்றைக்கே பேசி வைத்தோம். இந்த அறிக்கையில் நான் சொல்லும் எல்லாமே அதற்கான வழிகள்தான்.

கரண்ட் பில்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் பெரிய பணம் அங்கேதான் போகிறது, ஆனால் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், இது தெரிந்ததுதான். 2024 ஜூலை கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. ஆக சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால்? அந்த ரூ.2.35 சலுகை அப்படியே போய்விடும், 101லிருந்தே ரூ.4.70 போடுவார்கள், மேலே உள்ள ஒரு யூனிட்டுக்கு ரூ.8.40. மொத்தம் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய்! நோட்டு எழுதிய வீடுகளில் நான்கு வீடுகள் 505, 512, 520 என்று இந்தக் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தன, யாருக்கும் தெரியாது.

அதனால் நாங்கள் செய்தது இதுதான். பில் போட்ட நாளில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது, அப்புறம் ஞாயிறுதோறும் ஒருமுறை பார்ப்பது. 45ஆவது நாளில் 400ஐத் தாண்டியிருந்தால் அடுத்த பதினைந்து நாள் இஸ்திரி, வாட்டர் ஹீட்டர், ஏசி மூன்றையும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது. ரீடிங் எடுக்க நாள் தள்ளி வந்தாலும் இந்தக் கோடு தாண்டிவிடும், இரண்டாவது தெருவில் ஒருமுறை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போய் நாம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தேதியோடு நீங்கள் எழுதி வைத்த ரீடிங்தான் அப்போது கைகொடுக்கும்.

ஃபேன் விஷயத்தை நிறையப் பேர் கேட்டீர்கள். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் ஓடிவிடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். எல்லா ஃபேனையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எப்போதோ ஓடுகிற ஃபேனை மாற்றினால் போட்ட காசு எடுக்கவே பல வருடம் ஆகும். ராத்திரி பகல் ஓடுகிற ஹால் ஃபேன், படுக்கையறை ஃபேன், இந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள், அதுவும் பழையது ரிப்பேருக்கு வரும்போது. ஏசியை 20ல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோமே, அதை 26ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். அப்புறம் மாடித் தொட்டி நிரம்பி வழிவது. ஒரு எச்.பி. மோட்டார் தினம் அரை மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 22 யூனிட் தெருவில் கொட்டியதாக அர்த்தம், கூடவே தண்ணீரும். சில நூறு ரூபாய் வாட்டர் அலாரம் போதும்.

நம் நகரில் இருக்கிற சின்ன ஃபிளாட்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டருக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம். 10 வீடுகளுக்கு உட்பட்டு, மூன்று மாடிக்கு மேல் போகாமல், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் ரூ.5.50 என்று 2023ல் குறைத்தார்கள். நம் பகுதியில் ஒரு ஃபிளாட் அதை எழுதிக் கேட்காமல் பழைய விகிதத்திலேயே கட்டிவந்தது, இந்த ஆண்டுதான் சரியானது. உங்கள் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேஸ். 2025 ஏப்ரல் 8 முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறிவிட்டது, அதனால் இனி ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2ஐக் கூட்டினால் வருவதுதான் நிறை எடை, பெரும்பாலும் 29, 30 கிலோ வரும். கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. நாங்கள் ஒரு கொக்கித் தராசு வாங்கினோம். முதல் மாதமே ஒரு வீட்டுக்கு வந்த சிலிண்டர் ஒன்றரைக் கிலோ குறைவு. திருப்பி அனுப்பினோம், மறுநாள் வேறு வந்தது. பில்லில் போட்டிருக்கிற தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியும் அடக்கம். மூன்றாம் மாடிக்குத் தூக்கி வருபவருக்கு மனசாரக் கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் என்று யாரும் கேட்க முடியாது.

அடுப்பில் செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்ததுதான், செய்வதில்லை, அவ்வளவுதான். துவரம்பருப்பை அரை மணி நேரம், கொண்டைக்கடலையை ராத்திரியே ஊற வைத்தால் விசில் பாதியாகக் குறையும். குழம்பு கொதித்ததும் சிம்மில் வைத்து மூடிப் போடுங்கள். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு, பாத்திரமும் கரியாகும். என் வீட்டில் 33 நாள் வந்த சிலிண்டர் இப்போது 40 நாள் வருகிறது.

மளிகை. மாதம் 3ஆம் தேதி 34 வீடுகளின் பட்டியலைச் சேர்த்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் எடுத்து ஒரே சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்தோம். பருப்பு, உளுந்து, எண்ணெயில் கிலோவுக்கு 12 முதல் 20 ரூபாய் வரை குறைந்தது, ஆட்டோ வாடகை போக. அரிசி வாங்கும்போது 26 கிலோ மூட்டை எதற்கு என்று ஒருவர் கேட்டார். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை, அதனால்தான் 26 கிலோ. 1,500 ரூபாய் மூட்டையில் இது 75 ரூபாய்.

ஒன்றில் நாம் கையைச் சுட்டுக்கொண்டோம், அதையும் எழுதத்தான் வேண்டும். நவம்பரில் வெங்காய விலை ஏறியபோது பயந்துபோய் கீழமாரட் வீதியில் நான்கு மூட்டை எடுத்தோம். மழைக்கால ஈரத்தில் இரண்டு வாரத்தில் பாதி முளைவிட்டும் அழுகியும் போனது. நட்டத்தைச் செயற்குழுவில் இருந்த ஐந்து பேர் பகிர்ந்துகொண்டோம். காய்கறியை அந்தந்த வாரத்துக்கு வாங்குவதுதான் சரி, அதற்கு நம் அண்ணாநகர் உழவர் சந்தையே போதும். 1999 நவம்பர் 14ல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக ஆரம்பித்த சந்தை நமக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும்போது, சாயந்தரம் போனில் தட்டி காய் வாங்க வேண்டுமா? காலையில் போனால் விலைப் பலகை மாட்டியிருக்கும், கொத்தமல்லி கறிவேப்பிலை வாங்கிய சூட்டோடு வாடாமல் வீடு வந்து சேரும்.

மொத்தமாக வாங்க வேண்டியது புளியும் மிளகாயும். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது ஒரு வருடத்துக்கு எடுத்துக் கொட்டை நீக்கி, கல்லுப்பு தூவிப் பானையில் அடைத்துவிட்டால் அடுத்த புளி வரும்வரை கவலையில்லை. மிளகாய், மல்லியும் அதே மாதிரி கோடையில் வாங்கி மாடியில் காயப்போட்டு மில்லில் அரைத்தோம். 18 வீடுகள் சேர்ந்ததால் மில்காரர் நமக்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கொடுத்தார். பாக்கெட் மசாலாவின் விலையையும் இதையும் நான் ஒப்பிடவே போவதில்லை, வாசனையே சொல்லும்.

பாக்கெட்டில் வாங்குவதை எடை பார்த்து வாங்குங்கள். எண்ணெய் பாக்கெட் ஒன்று பார்க்க ஒரு லிட்டர் போலவே இருக்கும், திருப்பிப் பார்த்தால் 850 கிராம் என்று போட்டிருக்கும். பெரிதாக வாங்கினால் மலிவு என்பதும் எப்போதும் உண்மை இல்லை, ஷாம்பூவில் பல நேரம் சின்ன சாஷேதான் மலிவு. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். எழுத்து பொடியாக இருந்தாலும் தேடிப் பாருங்கள்.

ரேஷன் கடைக்குப் போவதை நம் நகரில் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள், இது எனக்கு வருத்தமான விஷயம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய். வெளியே பருப்பு 150க்கு மேல் விற்ற ஆண்டு இது. அரிசி இலவசம், புழுங்கல் அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டால் தினமும் மாவுப் பாக்கெட் வாங்குகிற செலவு நிற்கும். கார்டு இருக்கிறது, உரிமை இருக்கிறது, வாங்குங்கள்.

மருந்துச் செலவு வயதானவர்கள் இருக்கிற வீட்டை அப்படியே சாய்க்கிறது. என் மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மாதம் 2,100 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்டு, அதே மருந்தைக் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே எழுதி வாங்கி, மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் எடுத்தோம், 700க்குள் வந்தது. 2025 பிப்ரவரி 24 முதல் முதல்வர் மருந்தகங்களும் திறந்திருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை வீட்டுக்கே வரும், காசு கிடையாது. ஆனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை மாற்றவோ குறைக்கவோ வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. வீட்டு வரியை ஏப்ரல் 30க்குள்ளும், இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, இந்த ஏப்ரலில் நினைவூட்டியதால் 61 வீடுகள் கட்டின. 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணம் ஏறியபின், பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு டேட்டா இல்லாமல் பேசுவதற்கு மட்டுமான பேக் 2025 ஜனவரியில் வந்திருக்கிறது, அதைக் கேட்டுப் போடுங்கள். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ் இலவசம், மாட்டுத்தாவணிக்கு ஆட்டோவில் போவதற்கு முன் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். ஜூன் முதல் வாரம் வாசகசாலை வராண்டாவில் பாடநூல், சீருடை மாற்றிக்கொள்ளும் நாள் நடந்தது, 40 பிள்ளைகளுக்காவது புத்தகம் கிடைத்திருக்கும். துவைத்து மடித்துக் கொண்டுவந்த தாய்மார்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. கணக்கு நோட்டை 22 வீட்டிலிருந்து 60 வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், நோட்டைச் சங்கமே வாங்கித் தரும். கூரையில் சோலார் போட விரும்புகிறவர்கள் சேர்ந்து விலை கேட்கலாம், மத்திய அரசின் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஓடுகிற வீடுகள் மட்டும் இதற்குப் பெயர் கொடுங்கள், 200 யூனிட் வீட்டுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கொக்கித் தராசு என் வீட்டு வாசல் அலமாரியில் இருக்கிறது, சிலிண்டர் வரும் நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அன்று மாலைக்குள் திருப்பி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்