கணையக் கட்டிக்கு வெப்பச் சிகிச்சை: யாருக்கு, எந்த அளவுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணையக் கட்டிகளை வயிற்றைத் திறக்காமல் வெப்பத்தால் அழிக்கும் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டமைக்கு நன்றி. ஆயினும், கணையத்தில் தோன்றும் எல்லாக் கட்டிகளுக்கும் இச்சிகிச்சை ஒரே பலனைத் தரும் என்று எண்ணும்படி அக்கட்டுரை அமைந்துவிட்டது. புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் ஏதேனும் வழி கிடைக்குமா என்று தவிக்கும் குடும்பங்கள் அதைப் படிப்பார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒலி அலைகளே கட்டியைச் சுடுகின்றன என்ற பொருளில் ஒரு வரி வந்திருக்கிறது. உடலுக்கு வெளியிலிருந்து ஒலி அலைகளைக் குவித்துச் சுடும் முறை தனியாக உண்டு. கட்டுரை பேசும் முறையில் அல்ட்ராசவுண்ட் வழிகாட்ட மட்டுமே பயன்படுகிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி மறைந்திருப்பதால், நுனியில் ஸ்கேன் கருவி பொருத்திய எண்டோஸ்கோப் என்னும் வளையும் குழாயை வாய் வழியாக இரைப்பைக்கோ முன்சிறுகுடலுக்கோ செலுத்தி, அங்கிருந்து சுவருக்கு அப்பால் கட்டியைப் பார்க்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள ஊசியைக் கட்டிக்குள் நுழைத்து, அதன் நுனி வழியே உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் சில விநாடிகள் பாய்ச்சும்போது, திசுவில் உள்ள அயனிகள் அதிர்ந்து வெப்பம் உண்டாகிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்களின் புரதம் உறைந்து அவை உடனே இறக்கின்றன. 100 டிகிரியை எட்டினாலோ திசு வறண்டு கருகி, மின்சாரம் பரவாமல் தடைபடும். ஆகவே கூடுதல் சூடு கூடுதல் பலன் தராது.

இம்முறை மிகச் சிறப்பாகப் பயன்படுவது இன்சுலினோமா என்னும் சிறு கட்டிக்கு. பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியதாகவும் புற்றுத்தன்மை அற்றதாகவும் இருக்கும் இது, தேவையின்றி இன்சுலினைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். பசித்த வேளையில் வியர்வை, நடுக்கம், குழப்பம், சில சமயம் மயக்கம் என்று வந்து, இனிப்பு சாப்பிட்டதும் தெளிந்துவிடும் இந்த நோயாளிகள், வலிப்பு நோய் என்றோ மனநோய் என்றோ தவறாகக் கணிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மருந்து விழுங்குவது வேதனையானது. இவர்களைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியேனும் சொல்லியிருக்கலாம். 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, இன்சுலினோமாவுக்கு வெப்பச் சிகிச்சை பெற்ற 89 பேரை, அறுவை செய்துகொண்ட 89 பேருடன் ஒப்பிட்டது. பக்கவிளைவுகள் அறுவையில் 61.8 சதவீதம், வெப்பச் சிகிச்சையில் 18 சதவீதம். அறிகுறிகள் நீங்கியோர் அறுவையில் அனைவரும், வெப்பச் சிகிச்சையில் 95.5 சதவீதத்தினர். சிலருக்குக் கட்டி திரும்பி வந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்துள்ளது. வயது முதிர்ந்தோருக்கும் இதய நோய் உள்ளோருக்கும் இது பெரிய வரம் என்றே கருதுகிறேன்.

மக்கள் பொதுவாகக் கணையப் புற்றுநோய் என்று சொல்லும் அடினோகார்சினோமாவின் நிலை வேறு. அது கண்டறியப்படும்போது அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்போர் 15 முதல் 20 சதவீதத்தினரே. மற்றவர்களிடம் அது கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியிருக்கும், அல்லது பெரிய இரத்தக்குழாய்களைச் சூழ்ந்திருக்கும். ஊசி எட்டும் இடத்தை மட்டுமே வெப்பம் அழிக்கும். குழாயில் ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கடத்திச் சென்றுவிடுவதால், குழாயை ஒட்டியுள்ள புற்றுச் செல்கள் தப்பவும் கூடும். ஆகவே கீமோதெரபியே இங்கு அடிப்படை. வெப்பச் சிகிச்சை அதற்குத் துணையாக, பெரும்பாலும் ஆய்வு நோக்கில் முயலப்படுகிறது. அது இந்நோயாளிகளின் ஆயுளை நீட்டும் என்பது பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளால் இன்னும் நிறுவப்படவில்லை.

என் உண்மையான அச்சம் அறுவைக்கு ஏற்ற நிலையில் உள்ள நோயாளிகளைப் பற்றியது. கத்திக்குப் பயந்து, "ஊசியிலேயே முடிந்துவிடும்" என்ற நம்பிக்கையில் அவர்கள் சில மாதங்களைக் கடத்திவிட்டால், குணமாகும் ஒரே வாய்ப்பும் கைநழுவிப் போகலாம். சுட்ட கட்டி உள்ளேயே இருப்பதால், வெட்டி எடுத்த கட்டியைப் போல அதை முழுமையாக நுண்ணோக்கியில் ஆராயவும் முடியாது. முன்கூட்டிய பயாப்சியும் (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) பின்னர் தொடர்ந்த ஸ்கேனும் அதனால்தான் தவிர்க்க முடியாதவை.

சிகிச்சை ஆபத்தே அற்றது என்பதும் சரியன்று. கணைய அழற்சி வரலாம். செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் முதன்மைக் கணைய நாளத்துக்கு மிக அருகில் சுட்டால் அந்த நாளம் காயப்பட்டுச் சுருங்கலாம். கட்டிக்கும் நாளத்துக்கும் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டரே என்றாலும், சிகிச்சை செய்யலாமா கூடாதா என்பதை அதுவே பல நேரங்களில் தீர்மானிக்கிறது.

பயாப்சியில் கட்டி எந்த வகை என்று வந்தது, நாளத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அறுவைக்கு வாய்ப்பு உண்டா, சுடாமல் கண்காணித்தாலே போதுமா என்று நோயாளிகள் மருத்துவரிடம் கேட்கத் துணை செய்யும் வகையில், அதே பக்கத்தில் ஒரு தொடர் விளக்கம் வெளியிட வேண்டுகிறேன். அறுவை மருத்துவர், எண்டோஸ்கோபி மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் ஆகிய மூவரின் கருத்தும் அதில் இடம்பெற்றால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரைப்பை, குடல் நோய் மருத்துவர் ஒருவர்