அந்தப் பொண்ணு பேரைப் போடு, மாப்ள

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாத்தியாரிடம் சொல்லிவிடு. மீசை இன்னும் அந்த ஆம்ப்ளிஃபயரைத் திருப்பித் தரவில்லையா? அடுத்த திருவிழா வரைக்கும் காத்திரு, வேறு வழியில்லை.

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்த வரி, பிரமாதம்டா. அந்தப் பொண்ணு தொண்டையைத் திறந்த முதல் நொடியிலேயே ஆள் எழுந்து நிற்கும். ராப் வரும் இடத்தில்தான் இடிக்கிறது. 126 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 126 தட்டில், வைத்திருக்கிறாய். சின்னவனுக்கு மூச்சு விடவே இடமில்லை, வரிக்கு வரி கடைசி எழுத்தை முழுங்குகிறான். அவன் பாடுகிற விதம், மைக் எல்லாம் சரிதான், கணக்குதான் தப்பு. 126-ல் ஒரு பார் (நான்கு தட்டு) 1.9 வினாடி, 114-ல் 2.1 வினாடி. நடுவில் இருக்கும் 200 மில்லி வினாடிதான் அவனுடைய மூச்சு.

114 என்று சும்மா சொல்லவில்லை. சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி குழுவின் ‘கானா மேக் யூ ஸ்வெட்’டை எடுத்துப் போட்டுப் பார், ஏறக்குறைய அந்த வேகம்தான். 1990 கடைசியில் வந்து 1991 பிப்ரவரியில் பில்போர்டு ஹாட் 100-ல் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. செய்தவர்கள் ராபர்ட் கிளிவில்லேஸ், டேவிட் கோல். நியூயார்க்கில் பெட்டர் டேஸ் கிளப்பில் கிளிவில்லேஸ் ரெக்கார்டு சுழற்ற, கோல் அதன்மேல் நேரடியாகக் கீபோர்டு வாசிப்பார். கூட்டம் எந்த இடத்தில் கால் மாற்றுகிறது என்று ராத்திரி ராத்திரியாகப் பார்த்தவர்கள் போட்ட வேகம் அது. ராப் பாடிய ஃப்ரீடம் வில்லியம்ஸின் கனத்த குரல் அவசரமில்லாமல் நடக்க இடம் இருக்கிறது, கீழே ஆடவும் வேகம் இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் பிட்ச், அதாவது சுழலும் வேகம், 8 சதவீதம் ஏறும். 114-ஐ ஏற்றினால் 123. இன்னும் வேகமான ஹவுஸ் பாட்டுகளுக்கு நடுவிலும் டிஜே அதைச் செருகலாம். குரல் சுமார் 1.3 செமிடோன் (ஒரு செமிடோன் என்பது கீபோர்டில் அடுத்த கட்டை) மேலே போகும், ஆடுகிறவர் கவனிக்க மாட்டார்.

அமைப்பையும் கவனி. முன்னுரை கிடையாது. ‘எவரிபடி டான்ஸ் நவ்’ என்ற கூவல், உடனே ரிஃப். நீயோ எட்டு பாருக்குப் பேட் (இழுத்துப் பிடிக்கும் கீபோர்டு ஒலி) வைத்துவிட்டு அப்புறம் ஹூக்குக்கு வருகிறாய். அதை வெட்டு. கூவலைப் பெரும்பாலும் உலர்வாகவே, எஃபெக்ட் இல்லாமல் விடு, 263 மில்லி வினாடி டிலே (எதிரொலி) மட்டும் லேசாக, வாக்கியம் முடியும் இடத்தில். ப்ளேட் ரிவெர்ப் (முழக்கம்) போட்டே ஆக வேண்டும் என்றால் அது தொடங்குமுன் 30 மில்லி வினாடி ப்ரீ-டிலே வை, இல்லாவிட்டால் மெய்யெழுத்து மழுங்கிவிடும். ராப்பில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் தேங்குகிற கனத்தைக் கொஞ்சம் குறை, பேஸ் அங்கேதான் அடிபடுகிறது. ஹூக்கை வேறு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறாய், இல்லையா? இரண்டாவது ‘வா’வில் மூச்சுச் சத்தம் பாதியில் அறுந்து ஒரு டிக் கேட்கிறது. அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் வெட்டி, 5 மில்லி வினாடி ஃபேட் கொடு. அல்லது அந்த மூச்சுச் சத்தத்தை வெட்டாமல் முழுசாக இருக்க விடு. மூச்சு இருந்தால்தான் மனுஷி பாடுகிறாள் என்று தெரியும்.

இதெல்லாம் ஒரு மாலை வேலை. எனக்குத் தூக்கம் போனது உன் கடைசி வரியால். “வீடியோவுக்கு வேற பொண்ணு பேசியாச்சு, வாய் அசைச்சாப் போதும்” என்று எழுதியிருக்கிறாயே, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாட்டில் கூவியவர் மார்த்தா வாஷ். 1982-ல் வெதர் கேர்ள்ஸாக ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடிய இருவரில் ஒருவர். 1990 ஜூனில் அவர் வேறு எதற்கோ பாடிக் கொடுத்த டெமோ டேப்பிலிருந்து துண்டுகளை வெட்டிச் சேர்த்ததுதான் அந்தக் குரல். வீடியோவில் வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ். அவரும் பாடத் தெரியாதவர் இல்லை, அதே ஆல்பத்தில் வேறு பாட்டுகளைப் பாடியிருக்கிறார். மார்த்தாவின் பருமனான உடம்பு கேமராவுக்கு ஆகாது என்று முடிவு செய்தார்கள். பிளாக் பாக்ஸ் குழுவும் அவர் குரலை வைத்துக்கொண்டு ஒரு மாடலை முன்னால் நிறுத்தியது. ‘பம்ப் அப் த ஜாம்’ வீடியோவிலும் இதே கதைதான், பாடியது யா கிட் கே, தெரிந்தது வேறு முகம்.

பெயரும் ராயல்டியும் கேட்டுப் பேசிப் பார்த்தார் மார்த்தா. படியவில்லை. 1990 டிசம்பரில் வழக்குப் போட்டார். அதற்கு முந்தின மாதம்தான் மில்லி வனில்லி ஜோடி தங்கள் பாட்டுகளைப் பாடவே இல்லை என்று வெளிவந்து கிராமி பறிபோயிருந்தது. 1994-ல் சமரசம் ஆனது. மார்த்தா குரல், ஸெல்மா தோற்றம் என்று வீடியோவில் போடச் சொல்லி ரெக்கார்டு கம்பெனியான சோனியே எம்டிவியைக் கேட்டுக்கொண்டது. பாட்டு முதலிடத்துக்குப் போய் மூன்று வருஷம் கழித்து!

பணக் கணக்கைப் பார்த்தால் இன்னும் கொதிக்கும். அந்தப் பாட்டை எழுதியவர்கள் என்று பதிவானது கிளிவில்லேஸும் ஃப்ரீடம் வில்லியம்ஸும். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோ ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும்தான் காசு, பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. ராப் எழுதியவருக்கு ஒவ்வொரு ஒலிபரப்பும் வருமானம். உலகமே திரும்பக் கத்துகிற அந்த மூன்று வார்த்தையைக் கத்தியவருக்கு அந்த வழியில் எதுவுமில்லை.

நம் ஊரில் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடியவருக்கும் ராயல்டி உரிமை இருக்கிறது. ஆனால் பெயரே ஏறாவிட்டால் எதை வைத்துக் கேட்பாள்? டெமோவுக்கு நீ கொடுத்த காசு டெமோவுக்கு மட்டும்தான். வெளியீட்டுக்குத் தனியாக எழுதி வாங்கு. ஹூக்கின் மெட்டை அவளே பாடும்போது மாற்றினாள் என்று நீதான் சொன்னாய், அப்படியானால் இசையமைப்பிலும் அவளுக்குப் பங்கு. யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நீ, சின்னவன், அவள் மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். அப்லோடு செய்யும்போது அவள் பெயர் ஆர்டிஸ்ட் கட்டத்தில் இருக்க வேண்டும். கீழே விளக்கத்தில் போட்டால் அவளுடைய ஆர்டிஸ்ட் பக்கத்தில் பாட்டு வராது, வெளியான பிறகு திருத்த அலைய வேண்டும்.

வீடியோவிலும் அவளையே ஆட விடு. கூச்சப்படுகிறாள் என்றால் டான்ஸர்களை முன்னால் விட்டு அவளை மைக்கோடு நிறுத்து. 1994-ல் ‘டு யூ வானா கெட் ஃபங்கி’ வீடியோவில் மார்த்தா, ஸெல்மா, ஆட்ரி வீலர் மூவரும் ஒன்றாக நிற்கிறார்கள், அதே சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரிதான். பார்த்துவிட்டு உன் டைரக்டரிடம் பேசு. பேசியாச்சு என்ற அந்தப் பொண்ணுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்காதே, டான்ஸில் சேர்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் 114-ல் போட்டு அனுப்பு. குரல்கள் தனித்தனி ஃபைலாக, 24 பிட் வேவ், மாஸ்டரில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சத்தை அமுக்குவது) இல்லாமல். கையெழுத்துப் போட்ட தாளையும் ஒரு போட்டோ எடுத்து அதோடு வை.

உன்,
கட்டையன்