கிறிஸ் பெல்லின் பாட்டைக் காத்துத் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரியீர்,

மெம்ஃபிஸ் நகரில் 1951-ஆம் ஆண்டு பிறந்த கித்தார் கலைஞர் கிறிஸ் பெல், தம் பெயரை மட்டும் தாங்கிய இசைத்தட்டு என்று வாழ்நாளில் கையில் வாங்கிப் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். பக்கத்துக்கு ஒரு பாட்டாக இரண்டே பாட்டுகள் கொண்ட அந்தத் தட்டு 1978-இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, 27 வயதில், அவர் கார் விபத்தில் இறந்துபோனார். அந்த ஒரு தட்டாவது அவர் கண்முன் வந்ததற்குக் காரணமான கிறிஸ் ஸ்டேமி அவர்களே, என் முதல் நன்றி உங்களுக்கு. பெரிய நிறுவனம் எதுவும் ஏற்காத பாட்டை உங்களுடைய சிறிய ‘கார் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனம் ஏற்றது.

மெல்லிய மெட்டையும் ஓங்கி ஒலிக்கும் கித்தாரையும் ஒன்றாகப் பிணைக்கும் பவர் பாப் இசையை எனக்குப் பழக்கியது பெல் இருந்த பிக் ஸ்டார் குழு. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட அந்த நால்வரின் முதல் தொகுப்பு 1972-இல் வந்தபோது, விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். ஆனால் விநியோகம் சரிவர நடக்காததால் தட்டு கடைகளுக்கே போய்ச் சேரவில்லை. அந்த ஏமாற்றத்தின் பாரத்தோடுதான் பெல் அதே ஆண்டில் குழுவை விட்டு விலகினார்.

அக்குழு பாடிப் பதிந்த ஆர்டென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவிய ஜான் ஃப்ரை 2014-இல் காலமாகிவிட்டார். கற்றுக்குட்டிகளாக வந்த இளைஞர்களுக்கு ஒலிப்பதிவுத் தொழிலைத் தாமே சொல்லிக்கொடுத்து, இரவு நேரங்களில் கூடத்தை அவர்கள் பொறுப்பிலேயே விட்ட பெருந்தன்மை அவருடையது. அவருக்குச் சேர வேண்டிய நன்றியை, அதே கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய, பிக் ஸ்டாரின் டிரம்ஸ் கலைஞர் ஜோடி ஸ்டீவன்ஸ் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

டேவிட் பெல் அவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று நெடுநேரம் யோசித்தேன். மனம் உடைந்திருந்த தம்பியை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, பிரான்சில் ஒலிப்பதிவு செய்ய வைத்தீர்கள். லண்டனில் பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கின் கையாலேயே, அந்தத் தட்டின் முதற்பாட்டான ‘ஐ ஆம் த காஸ்மாஸ்’ பாட்டுக்கு ஒலிக்கலவை அமைந்தது. சிறுவயது முதல் பீட்டில்ஸை நெஞ்சில் வைத்திருந்த ஒருவருக்கு இதைவிட மருந்தாக வேறு என்ன இருந்திருக்கும்? ஊர் திரும்பிய பிறகு குடும்பத்தார் நடத்திய உணவகத்தில் அவர் வேலை பார்க்க நேர்ந்தபோதும் அந்த ஒலிநாடாக்கள் காக்கப்பட்டிருந்ததால்தான், 1992-இல் அவை ஒரு முழுத் தொகுப்பாக என் போன்றவர்களை வந்தடைந்தன.

‘ஐ ஆம் த காஸ்மாஸ்’ பாட்டின் கடைசி வரி திரும்பத் திரும்ப வரும்போது, கித்தார் ஓய்வதற்கு முன்பே குரல் இளைத்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றும். பிரிந்துபோனவரை மறுபடி பார்க்கவேண்டும் என்னும் அந்த வரியை, என் வீட்டில் ஒரு சாவு நேர்ந்த மாதத்தில் இரவு இரவாகக் கேட்டிருக்கிறேன். ஆறுதல் வார்த்தை எதுவும் காதில் ஏறாத அந்நாட்களில் என்னோடு உட்கார்ந்திருந்தது அந்தக் குரல்தான். இம்மடலை எழுதத் தூண்டியதும் அதுவே.

தட்டின் மறுபக்கத்துப் பாட்டில், பெல்லின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் தாழ்ந்து இழைவதைக் கேட்கலாம். குழுவை விட்டுப் போன நண்பருக்காக வந்து பாடிக் கொடுத்த, பிக் ஸ்டாரின் பாடகர் அலெக்ஸ் சில்டனின் குரல் அது. அவரும் 2010-இல் மறைந்துவிட்டார். அவர் குடும்பத்தார் இதைப் படிக்க நேர்ந்தால், அந்தத் துணைக்குரலுக்காக என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஒரு கித்தார் மாணவன்