குளக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பூச்சியியலில் பட்டம் பெற்றவன் அல்லன். தண்ணீர்ப் பூச்சிகளைப் பல வருடங்களாகப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறவன். கூப்பிட்டால் களப்பயணங்களுக்குத் துணையாகவும் வருவேன். அண்மையில் ஒரு வகுப்போடு குளக்கரைக்குப் போயிருந்தேன். அங்கே கண்ட இரண்டு விஷயங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பிள்ளைகளின் பயிற்சித்தாளில் நீர்மேல் கால் பரப்பி நிற்கும் பூச்சி ஒன்றின் படம் இருந்தது. அடியில் ‘நீர்ச்சிலந்தி’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு சிறுமி படத்தில் கால்களை எண்ணிவிட்டு, “ஆறுதானே சார் இருக்கு?” என்றாள். “மீதி ரெண்டும் ரொம்பச் சின்னதா இருக்கும், தெரியாதும்மா” என்று பதில் வந்தது. அவள் ‘எட்டு’ என்று எழுதிக்கொண்டாள். சரியாக எண்ணிய பிள்ளை, நம் பேச்சைக் கேட்டுத் தவறாக எழுதினாள்.

அது சிலந்தியே அல்ல. ஜெரிடே குடும்பத்து நாவாய்ப்பூச்சி. பயிரில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிக்கு இருக்கிற அதே ஊசி வாய்தான் இதற்கும். நீரில் தவறி விழும் ஈ, எறும்புகளின் உடலில் குத்தி உறிஞ்சும். முன்கால் இரண்டும் குட்டை, இரையைப் பிடிக்க. நடுக்கால்கள்தான் துடுப்பு. பின்கால்கள் திசை திருப்ப. நீர்மேல் நிற்கும் உண்மையான சிலந்திகளும் உண்டு, டோலோமெடிஸ் பேரினம் போல. அவற்றுக்கு எட்டுக் கால். ஆகவே முதலில் எண்ணச் சொல்லுங்கள், பெயர் பிறகு வரட்டும்.

ஓடிக்கொண்டே இருக்கிற பூச்சியின் காலை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். வெயில் நேரத்தில், தரை தெரிகிற ஆழத்தில், பூச்சியை விட்டுவிட்டு அதன் நிழலைப் பாருங்கள். கால் அழுத்தும் இடத்தில் நீர்ப்பரப்பு குழிந்து, குழிவு லென்ஸைப் போல ஒளியைச் சிதறடிக்கும். அதனால் அடித்தரையில் ஒளிவிளிம்போடு கருவட்டங்கள் விழும். நடுக்கால், பின்கால்களுக்கு நான்கு பெரிய வட்டங்கள், முன்கால்களுக்கு இரண்டு சின்னவை. எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி குளத்தில் வேறில்லை.

அடுத்து நான் கேட்கச் சொல்வது, பூச்சி நீர்ப்பரப்பின் மேலே நிற்கிறதா, பாதி அமிழ்ந்து மிதக்கிறதா, கீழிருந்து தொங்குகிறதா என்பது. கறுப்பு மணிகளைச் சிதறியதுபோல் கூட்டமாகச் சுற்றிச் சுழல்கிறவை பாதி அமிழ்ந்தவை. அவை கைரினிடே குடும்பத்து வண்டுகள். ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி காற்றையும் மறு பாதி நீருக்கடியையும் பார்க்கும். விரட்டினால் வால்நுனியில் ஒரு காற்றுக்குமிழியோடு முங்கிவிடும். பரப்புக்குக் கீழே மல்லாந்து, பின்கால்களை விரித்துத் தொங்குவது நோட்டோனெக்டிடே குடும்பம். இதைப் பிள்ளைகள் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். கடித்தால் கடுக்கும். கொசுப்புழுவும் கீழே தொங்குகிற கூட்டம்தான், ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின் புழு மட்டும் பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும்.

குழப்பமெல்லாம் மேலே நிற்கிறவற்றில்தான். குச்சிபோல் மெலிந்து, கரையோரம் அவசரமே இல்லாமல் நடப்பது ஹைட்ரோமெட்ரிடே குடும்பம். தலை அவ்வளவு நீளம் என்பதால் கண்கள் தலையின் நடுவில் இருப்பதுபோல் தெரியும். இதில் தவறு வராது. ஜெரிடேயையும், அதைப்போலவே நீர்மேல் நிற்கும் வெலிடே என்ற இன்னொரு குடும்பத்தையும் பிரிப்பதில்தான் நானே பல முறை சறுக்கியிருக்கிறேன். வெலிடே பெரும்பாலும் சிறியது, தோள் அகன்றது. ஆனால் அளவை நம்பாதீர்கள், ஜெரிடேயின் குஞ்சும் சிறியதுதான். பின்காலின் தொடையைப் பாருங்கள். அது வயிற்று நுனியைத் தாண்டி வெகுதூரம் நீண்டால் ஜெரிடே. நுனியோடு நின்றாலோ சற்றே தாண்டினாலோ பெரும்பாலும் வெலிடே. ஜெரிடேயில் நடுக்கால் பின்காலை ஒட்டி முளைத்திருக்கும், முன்கால் தனியே தள்ளியிருக்கும். வெலிடேயில் மூன்று இணைகளும் ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கும். வேகமாக ஓடும் நீரில் எதிர்த்து நிற்கிற சிறு கூட்டம் கண்டால் வெலிடேயில் ராகோவேலியா என்ற பேரினமாக இருக்கலாம். அதன் நடுக்கால் நுனியில் விசிறிபோல் விரியும் மயிர்க்கற்றை உண்டு.

இறக்கை இல்லாததைக் கண்டதும் ‘குஞ்சு’ என்று எழுதவைப்பதும் வேண்டாம். ஒரே இனத்தில் இறக்கை உள்ளதும் இல்லாததும் வளர்ந்த பூச்சிகளாகவே இருக்கும். உடலில் ஒட்டியிருக்கும் சிவப்புப் புள்ளிகள் முட்டைகளும் அல்ல, ஒட்டுண்ணியாக வாழும் நீர்ச் சிற்றுண்ணிகளின் குஞ்சுகள்.

இரண்டாவது விஷயம் சோப்பு. நீரின் மேற்பரப்பை இழுத்துப் பிடித்த தோல்போல் வைத்திருக்கும் பரப்பு இழுவிசையை விளக்க, ஜெரிடே பூச்சி ஒன்று இருந்த தட்டில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசலை விட்டார்கள். பூச்சி அமிழ்ந்து கால்களை உதறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 2004-இல் காவோ, ஜியாங் என்ற சீன ஆய்வாளர்கள் இந்தப் பூச்சியின் ஒரே ஒரு கால், உடல் எடையைப்போல் சுமார் 15 மடங்கைத் தாங்கும் என்று அளந்து காட்டினார்கள். மெழுகுப் பூச்சு மட்டும் அதற்குக் காரணமல்ல. காலை மூடியிருக்கும் நுண்மயிர்கள் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் அந்த வலிமை. சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும், அந்த மயிர்களையும் நனைத்துவிடும். பாடம் அதுதான் என்றால் டம்ளர் தண்ணீரில் ஒரு தையல் ஊசியை மிதக்கவிட்டுச் சோப்பை அதில் சொட்டுங்கள். ஊசி மூழ்கும், பாடம் முடிந்தது.

பிள்ளைகளிடம் இனப்பெயர் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டுகிறேன். இனம் வரை போக நுண்ணோக்கி வேண்டும், பலவற்றுக்கு ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை குடும்பப்பெயர் வரை வந்து, ‘ஏன் அப்படிச் சொல்கிறேன்’ என்று இரண்டு அடையாளங்களை எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள். ‘தெரியவில்லை, தொடை வயிற்று நுனியைத் தாண்டவில்லை’ என்று எழுதினாலும் கொடுங்கள்.

வலையில் எடுத்தால் வெள்ளைத் தட்டில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். தட்டில் அதிக நேரம் வைத்தால் சில ஒன்றையொன்று குத்தித் தின்னும்.

பயிற்சித்தாளைத் திருத்த உதவி வேண்டுமானால் நான் வரைந்து தருகிறேன். நிழலோடு சேர்த்து வரைகிறேன். பெயர் எழுதும் கோட்டைப் படத்துக்குக் கீழே வைக்காமல், தாளின் கடைசியில் வைப்போம்.

அன்புடன்,
குளக்கரையில் உங்களோடு நின்ற ஒருவன்