ஸ்கார்பரோவிலிருந்து அக்காவுக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேலை வழக்கம்போல் ஓடுகிறது. கனடாவின் உயிரினம் ஒன்றைப் பற்றிப் பாப்பா பள்ளிக்கு எழுத வேண்டும் என்றாயே, பீவரை எழுதச் சொல். கூடவே மொனார்க் பட்டாம்பூச்சியையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரே குளிர்காலத்தை இரண்டும் நேரெதிராகச் சமாளிக்கின்றன.

பீவர் எலியைப் போலக் கொறிக்கும் இனம்தான், ஆனால் நன்றாக வளர்ந்தது முப்பது கிலோகூட இருக்கும். இரும்புச்சத்து ஏறிய ஆரஞ்சு நிறப் பற்கள், ஆயுள் முழுக்க வளரும். அவற்றால் மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையை மறித்து அணை கட்டுகிறது. தண்ணீர் ஆழமானால் அடிவரை உறையாது, அதுதான் கணக்கு. வீட்டு வாசலும் தண்ணீருக்கு அடியில், ஓநாய் நுழைய முடியாது. இலையுதிர் காலத்திலேயே கிளைகளைக் குளத்தடியில் சேர்த்துவைத்துவிடும். மேலே பனிக்கட்டி மூடிய பிறகு உள்ளுக்குள்ளேயே நீந்திப் போய் எடுத்துவந்து பட்டையைத் தின்னும். குளிர் முழுக்கத் தூங்கிக் கழிப்பதெல்லாம் கிடையாது. இங்கே ஓடையோர மரங்களுக்குக் கம்பிவலை சுற்றியிருப்பது எதற்கென்று கேட்டேன். எல்லாம் இவருக்காகத்தான்!

மொனார்க் அரை கிராம்தான் இருக்கும். குளிருக்கு முன்பே கிளம்பிவிடும். இந்த மாதம் எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்கோடியிலுள்ள பாயின்ட் பீலி முனையில் கூட்டமாகக் கூடி, ஈரி ஏரியைக் கடந்து மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் போகின்றன. சில 4,000 கிலோமீட்டர்கூடப் பறக்குமாம். கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழும். இந்தப் பயணத் தலைமுறைக்கு மட்டும் ஏழெட்டு மாத ஆயுள். மெக்சிகோவிலிருந்து கிளம்பியவற்றின் பேரனோ கொள்ளுப்பேரனோதான் இப்போது திரும்பிப் போகிறது. வழி சொல்லித்தர ஆளே இல்லை, சூரியனைப் பார்த்தே திசை பிடிக்கிறது.

இவை எங்கே போகின்றன என்று கண்டுபிடித்ததில் எங்கள் ஸ்கார்பரோவுக்குப் பங்குண்டு. இங்கே பேராசிரியராக இருந்த ஃப்ரெட் அர்க்கார்ட், மனைவி நோராவோடு பல்லாண்டுகள் இறக்கைகளில் சின்னச் சீட்டு ஒட்டவைத்துத் தேடினார். 1975 ஜனவரியில்தான் அவருடைய தன்னார்வலர்கள் அந்த மெக்சிகோ காட்டை எட்டினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பீவரைத் தேசியச் சின்னமாக்கிச் சட்டம் வந்தது. அதன் ரோமத்தில் தொப்பி செய்யவென்று ஒரு காலத்தில் அதை அடியோடு அழிக்கப் பார்த்தவர்கள்தான்!

மொனார்க் புழு தின்பது எருக்கின் உறவான ஒரு பால்செடியை மட்டும். ஒன்டாரியோவில் 2014 வரை அது அழிக்க வேண்டிய களைப் பட்டியலில் இருந்தது. 2023-இல் கனடா அரசு மொனார்க்கையே அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்துவிட்டது.

குடியேறி வந்தவர்களை மொனார்க்கோடு ஒப்பிட்டு இங்கே அடிக்கடி பேசுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அது குளிரைப் பார்ப்பதே இல்லையே அக்கா! ஜனவரியில் காலை ஷிஃப்டுக்கு முன் வாசலில் பனி அள்ளுகிறவன் பீவர் கட்சிதான்.

உறையில் ஐந்து சென்ட் காசு ஒன்று வைத்திருக்கிறேன். 1937 முதல் அதில் பீவர்தான். பாப்பா நோட்டில் ஒட்டிக்கொள்ளட்டும். அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி