கேஸ் ஷீட்டை கேட்டு வாங்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன மாசம் எங்க அத்தைக்கு காய்ச்சல்னு காட்பாடியில ஒரு தனியார் கிளினிக்ல காட்டினோம், பென்சிலின் மருந்து எனக்கு ஆகாதுன்னு அத்தையே சொல்லியும் காதுல வாங்காம ஊசி போட்டுட்டாங்க, கால் மணி நேரத்துல உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு, ஆட்டோவுல பாலாத்து பாலம் தாண்டுறதுக்குள்ள எங்களுக்கு உசிரே இல்ல. எப்படியோ பொழச்சாங்க. அப்புறம் போயி கேஸ் ஷீட், அதான் என்ன வைத்தியம் பாத்தாங்கன்னு எழுதி வைக்கிற ரெக்கார்ட், கேட்டா ஒரு துண்டு சீட்டு தந்தாங்க, அதுல பாராசிட்டமால் மட்டும்தான் எழுதியிருக்கு, ஊசியக் காணோம்!

வைத்தியம் பலிக்கலன்னா அது டாக்டர் தப்புன்னு நான் சொல்லல, ஆனா சொல்லியும் கேக்காதது அலட்சியம்தானே. 1995லயே சுப்ரீம் கோர்ட் காசு வாங்கிட்டு பாக்குற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துல வரும்னு சொல்லிருச்சு. கேட்ட 72 மணி நேரத்துல ரெக்கார்ட் தரணும்னு 2002 மருத்துவ கவுன்சில் விதி இருக்கு. நாம கட்டின பில் 5 லட்சத்துக்குள்ள இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் போட கட்டணமே கிடையாது, 2 வருசத்துக்குள்ள போடணும், அவ்ளோதான். இத எந்த ஆஸ்பத்திரி போர்டுலயாவது எழுதி வச்சிருக்காங்களா? ரெக்கார்ட எழுத்துல கேட்டு கிளினிக்ல மனு குடுத்திருக்கேன், நாளையோட 72 மணி நேரம் முடியுது.

– ஒரு வாசகர், காட்பாடி